ஒருநாள் குஞ்சா, நாலு மாதப் பேடா? கொழும்பு வீட்டுக்கு எந்த வயதுக் கோழி?

மல்லிகைமுற்றம் | ஜனவரி 6

வணக்கம். இருப்பது தெஹிவளையில், மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிற பக்கம். வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பன்னிரண்டடி மண் நிலம் உண்டு. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மூலையில் துணி தோய்க்கிற கல், அவ்வளவுதான். அம்மா வடமராட்சியில் இருந்து எங்களோடு வந்து ஆறு மாதம் ஆகிறது. நாள் முழுக்க டிவியைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது என்கிறார். நாலைந்து கோழி வளர்ப்போம் என்று முடிவு செய்தோம். முட்டைக்கு மட்டும். வீட்டில் யாரும் கோழி அறுக்கப் போவதில்லை.

குழப்பம் வயதில்தான். தீன் கடைக்காரர், வியாழக்கிழமை ஒருநாள் குஞ்சு வருகிறது, பத்து எடுங்கள் என்கிறார். கூட வேலை செய்கிறவர், முட்டை போடுகிற வயதுக் கோழியாகவே வாங்கு என்கிறார். முட்டை குறைந்ததால் பண்ணையில் கழித்த கோழி மலிவாகக் கிடைக்கும் என்று மச்சான் சொல்கிறார். அம்மாவோ, "குஞ்சோடு ஒரு தாய்க்கோழி கொண்டுவா, மற்றதெல்லாம் வீண் வேலை" என்று ஒரே பேச்சு.

நான் காலை ஏழுக்கு வெளிக்கிட்டால் மாலை ஆறுக்குத்தான் வீடு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹெந்தளை_அண்ணர் | ஜனவரி 6

தங்கச்சி, கோழியின் வயதைக் கேட்க முதல் ஒரு கேள்வி. முதல் நாலு கிழமை இரவில் இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்க்க வீட்டில் ஆள் உண்டா? இருந்தால் ஒருநாள் குஞ்சு எடுக்கலாம். இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே விடுங்கள்.

ஒருநாள் குஞ்சுக்கு இறகு கிடையாது, வெறும் பஞ்சுதான். முதல் கிழமை அது நிற்கிற இடத்தில் 33 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு இருக்கவேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு போகலாம். கொழும்பில் பகல் வெயிலே 30, 31 வருவதால் மூன்றாம் கிழமையில் இருந்து இரவிலும் மழை நாளிலும் மட்டும் பல்ப் போட்டால் போதும். நுவரெலியாக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆனால் பல்ப் என்றால் பழைய குண்டு பல்ப். இப்போது எல்லார் வீட்டிலும் எல்ஈடி. அது வெளிச்சம் தரும், சூடு தராது. போன வருடம் ஒருவர் எல்ஈடி பல்பைத் தொங்கவிட்டு, "அண்ணை, குஞ்சு ஏன் நடுங்குது" என்று எனக்குப் படம் அனுப்பினார்.

சூடு சரியா என்று பார்க்க வெப்பமானியும் தேவையில்லை. பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து நின்றால் குளிர். பெட்டியின் ஓரங்களில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. அங்கும் இங்குமாகப் பரவித் திரிந்தால் நீங்கள் போய்ப் படுக்கலாம்.

கொத்துரொட்டி77 | ஜனவரி 6

மிருகக்காட்சிச்சாலைப் பக்கம் என்றால் சேவலும் சேர்த்து வாங்குங்கள் அக்கா. மயில் கத்துகிற சத்தத்தில் யாருக்குத் தெரியப் போகிறது.

குருவிக்கூடு | ஜனவரி 6

ஒருநாள் குஞ்சு எடுத்துக் கை சுட்டவள் நான். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி. 2022 மார்ச் மாதம் பிள்ளைகளின் ஆசைக்கு எட்டுக் குஞ்சு கொண்டுவந்தேன். அந்த மாதம் என்ன நடந்தது என்று யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. குஞ்சுகளுக்கு அப்போது ஐந்து நாள்.

சுடுதண்ணீரைச் சோடாப் போத்தலில் விட்டு, துவாயால் சுற்றி, காட்போட் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்றவேண்டும். அடுப்புக்கு காஸும் இல்லாத காலம், மண்ணெண்ணெய் அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சினேன். விடிய மூன்று மணிக்குக் கண்ணயர்ந்துவிட்டேன். ஐந்து மணிக்குப் பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கிறது, அடியில் அகப்பட்ட மூன்று செத்துவிட்டது. குளிரில் சாகவில்லை, மற்றவற்றின் பாரத்தில் நசிந்து போனது.

இன்னொரு பிழையும் விட்டேன். கீழே பேப்பர் விரித்தேன். வழுக்கி வழுக்கி ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் அகண்டு போய்விட்டது. பேப்பர் வேண்டாம். சாக்கோ, பழைய துவாயோ, மரத்தூளோ போடுங்கள். தண்ணீரை மூடியில் வைத்தால் உள்ளே நாலு கூழாங்கல் போடுங்கள். இல்லாவிட்டால் அதற்குள்ளேயே விழுந்து சாகும்.

மீதி ஐந்தில் மூன்று சேவல். அது வேறு கதை.

ஓய்வுபெற்ற_மிருகவைத்தியர் | ஜனவரி 7

சூட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவர் ஒருநாள் குஞ்சைத் தவிர்க்கவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் தடுப்பூசி.

மரெக்ஸ் என்ற நரம்பு நோய்க்கான ஊசி குஞ்சு பொரித்த அன்றே, பொரிப்பகத்தில் போடப்படுவது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை. அதன் பிறகு ராணிக்கெட், அதாவது ஊரில் கழிச்சல் என்பார்கள், அதற்குச் சொட்டு மருந்து. இரண்டாம், மூன்றாம் கிழமை அளவில் கம்போரோ என்ற நோய்க்கான மருந்து. பிறகு அம்மை. இந்த மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு என்ற கணக்கில்தான் வரும். குளிரில் வைத்துக் கொண்டுவரவேண்டும். கரைத்தால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடிக்கவேண்டும். ஐந்து குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைத்து மீதியைக் கொட்டுவீர்களா? பெரும்பாலானவர்கள் ஊசியே போடாமல் விடுகிறார்கள். ஒரு நாள் பக்கத்து ஒழுங்கையில் கழிச்சல் வரும், இரண்டு நாளில் கூடு காலி.

ஆகவே என் கணக்கு இதுதான். ஊசிகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டு வளர்த்த ஒருவரிடம் எட்டுக் கிழமைக்கு மேற்பட்ட பேடுகளை, அதாவது முட்டைக்கு வராத இளம் பெட்டைகளை வாங்குங்கள். எந்தத் திகதியில் எந்த ஊசி என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அவர் போடவில்லை.

பழைய_பண்ணையாள் | ஜனவரி 7

டொக்டர் ஐயா சொல்வது சரி. குளியாப்பிட்டிப் பக்கம் ஒரு லேயர், அதாவது முட்டைக்கோழிப் பண்ணையில் பதினொரு வருடம் நின்றவன் நான். வியாபாரத் தந்திரம் கொஞ்சம் சொல்கிறேன்.

கபில நிறக் கலப்பின லேயர் 18 முதல் 20 கிழமைக்குள் முட்டை தொடங்கும். பண்ணைக்கு அது நல்ல காசு, அதனால் 16 கிழமைப் பேட்டைச் சும்மா யாரும் விற்க மாட்டார்கள். விலை கூட. அந்த விலைக்கு ஆசைப்பட்டுத்தான் சிலர் 75, 80 கிழமையான கழித்த கோழியைக் கழுவித் துடைத்து, "இப்பதான் முட்டைக்கு வருது" என்று விற்கிறார்கள்.

கண்டுபிடிப்பது லேசு. காலைப் பாருங்கள். இளம் பேட்டுக்கு மஞ்சள் பளிச்சென்று இருக்கும், செதில் வழுவழுப்பாக இருக்கும். ஒரு வருடம் முட்டையிட்ட கோழிக்கு மஞ்சள் எல்லாம் முட்டைக் கருவுக்குப் போய்விடும், கால் வெளிறி, செதில் முரடு தட்டியிருக்கும். அடுத்தது, கோழியைக் கக்கத்தில் இடுக்கிப் பிடித்து வாலுக்குக் கீழே இரண்டு கூர் எலும்பைத் தடவிப் பாருங்கள். முட்டை தொடங்காத பேட்டுக்கு நடுவில் ஒரு விரல் போவதே கஷ்டம். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போனால் அது ஏற்கெனவே முட்டையிட்ட கோழி. விற்கிறவர் இன்னும் தொடங்கவில்லை என்று சொன்னால் கோழியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மட்டக்குளி_மாமா | ஜனவரி 7

கழித்த கோழியை இப்படி ஏசக்கூடாது தம்பி. நான் மூன்று தரம் வாங்கியிருக்கிறேன். வந்தபோது கழுத்தில் இறகு இல்லை, நடக்கவே தெரியாது. கூண்டுக்குள்ளேயே நின்ற சீவன்கள். மண்ணைக் கண்டதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு யோசித்தபடி நிற்கும். இரண்டு மாதத்தில் இறகு முளைத்து, கிழமைக்கு மூன்று நாலு முட்டை போட்டது. பண்ணைக்காரனுக்கு நட்டம் என்றால் எங்களுக்கும் நட்டமா? அவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முட்டை வேண்டும், எனக்கு காலையில் இரண்டு பொரியல்.

பழைய_பண்ணையாள் | ஜனவரி 7

மாமா, வயதைச் சொல்லி விற்றால் பிரச்சினை இல்லை. பொய் சொல்லி விற்பதைத்தான் சொன்னேன். ஆனால் அவற்றுக்கு மிச்சம் உள்ள ஆயுளில் முட்டை வருவது ஒரு வருடம், கூடினால் ஒன்றரை. இறகு கொட்டுகிற காலத்தில் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் இராது. அதன்பிறகு? தங்கச்சி வீட்டில் அறுக்க மாட்டார்களாம். நாலைந்து வருடம் சும்மா தீன் போட வேண்டியதுதான். ஒரு கோழி நாளொன்றுக்கு 110, 120 கிராம் தின்னும்.

மட்டக்குளி_மாமா | ஜனவரி 7

அதற்கென்ன, நானும் ஓய்வூதியத்தில்தான் சாப்பிடுகிறேன்.

மல்லிகைமுற்றம் | ஜனவரி 7

மாமாவின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நல்லாகச் சிரித்தார்.

ஒருநாள் குஞ்சு வேண்டாம் என்பது விளங்குகிறது. அம்மா இரவில் எழும்பத் தயார்தான், ஆனால் 71 வயதில் அவரை எழுப்ப எனக்கு விருப்பம் இல்லை. தாய்க்கோழியும் குஞ்சும் என்ற அம்மாவின் யோசனைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? தாய் இருந்தால் பல்பும் வேண்டாம், கரண்ட் போனாலும் பரவாயில்லை அல்லவா?

ஹெந்தளை_அண்ணர் | ஜனவரி 8

அம்மாவின் கதை சரியான கதை, ஊருக்கு. தாய்க்கோழியைப் போல ஒரு சூட்டுப் பெட்டி உலகத்தில் இல்லை. இரை காட்டும், பருந்து வந்தால் குரல் கொடுக்கும், மழைக்குச் செட்டைக்குள் எடுக்கும்.

ஆனால் தெஹிவளைக் காகம் வடமராட்சிக் காகம் இல்லை. ஊரில் ஒன்றிரண்டு வரும், தாய் சீறினால் ஓடும். இங்கே இருபது முப்பது வரும். இரண்டு முன்னால் நின்று தாய்க்குப் போக்குக் காட்டும், மூன்றாவது பின்னால் வந்து குஞ்சைத் தூக்கும். ஒன்பது குஞ்சோடு வந்த தாய், நாலு நாளில் இரண்டோடு நின்றதை என் வீட்டு முற்றத்திலேயே பார்த்தேன். மேலே முழுக்க வலை அடிக்காமல் குஞ்சை நிலத்தில் விடாதீர்கள்.

வாய்க்கால் பக்கம் என்றால் கபரகொய்யாவும் (நீர் உடும்பு) வரும். கீரி பகலிலேயே வரும். பத்தரமுல்லைச் சதுப்புப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மீன்பிடிப் பூனையும் இருக்கிறது. இரண்டு மாதம் தாண்டிய கோழிக்குக் காகத்தால் ஆபத்து இல்லை. மற்றவைக்கு அரை அங்குல இரும்பு வலைதான் மருந்து. மெல்லிய அறுகோண வலையை நம்பவேண்டாம், அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், கீரி உள்ளே வராமல் இருக்க அல்ல.

இன்னொன்று. ஊர்க் குஞ்சு வாங்கினால் பாதி சேவலாக இருக்கும். கபிலக் கலப்பினத்தில் பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள், பெட்டை கபிலம், சேவல் வெளிர் மஞ்சள். ஊர்க்கோழியில் அது நடக்காது. இரண்டு மாதம் போய்த்தான் கொண்டையைப் பார்த்துச் சொல்லலாம். மயில் கத்துகிறது என்று தம்பி பகிடி விட்டார், ஆனால் விடிய நாலரைக்குப் பக்கத்துச் சுவரில் சேவல் கூவினால் அயலவர் மயிலைப் பற்றி முறையிட மாட்டார், உங்களைப் பற்றித்தான்.

குருவிக்கூடு | ஜனவரி 8

மூன்று சேவல் கதை அதுதான் அண்ணா. மூன்றையும் ஒரே ஓட்டோவில் நீர்கொழும்புக்கு அனுப்பினேன், அக்கா வீட்டுக்கு.

ஓய்வுபெற்ற_மிருகவைத்தியர் | ஜனவரி 8

ஒரு விடயம் சொல்ல மறந்தேன். வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒரே நாளில் வாங்கிச் சேர்க்காதீர்கள். வயது கூடிய கோழி நோய் காட்டாமல் கிருமியைச் சுமக்கும், இளசுக்கு அது பரவும். தீனும் வேறு. லேயர் தீனில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை, நாலு வீதம். முட்டை ஓட்டுக்கு அது வேண்டும். முட்டை தொடங்காத குஞ்சுக்கு நெடுகக் கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகும். எப்படியும் கலந்து வளர்க்கத்தான் போகிறீர்கள் என்றால் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனைப் போட்டு, சிப்பி ஓட்டைத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையானது தானாகவே போய்க் கொத்தும்.

தண்ணீர்ச் சட்டியை நாளாந்தம் கவிழ்த்துக் கழுவுங்கள். இது கோழிக்கும் நல்லது, டெங்குப் பரிசோதனைக்கு வருகிற சுகாதாரப் பரிசோதகரோடு வாக்குவாதப்படாமல் இருக்கவும் நல்லது.

மல்லிகைமுற்றம் | ஜனவரி 19

வாங்கியாயிற்று! முதலில் போன இடத்தைச் சொல்லவேண்டும். கடுவலைப் பக்கம் ஒருவர், "நாலு மாதப் பேடு, அடுத்த கிழமை முட்டை" என்றார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அம்மா ஒன்றைத் தூக்கினார், பண்ணையாள் அண்ணா சொன்னபடி எல்லாம் பார்க்கவில்லை, காலை மட்டும் ஒரு தரம் பெருவிரலால் தடவினார். கீழே விட்டார். "இது நாலு பிள்ளை பெத்தது" என்று என் காதில் சொன்னார். நான் விரல் வைத்துப் பார்த்தேன், மூன்று விரல் போனது. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டோம்.

பிறகு கடவத்தையில் ஒரு அன்ரி சின்ன அளவில் மாதக்குஞ்சு வளர்த்துக் கொடுக்கிறவர் என்று தெரியவந்தது. பத்துக் கிழமையான கபிலப் பேடு நாலு எடுத்தோம். ஊசித் திகதிகளைக் கொப்பித் தாளில் எழுதித் தந்தார். நாலு மாதப் பேட்டை விட விலை குறைவு, பல்ப் தேவையில்லை, காகமும் தூக்காது. அங்கேயே அதே வயதில் கறுப்பு ஊர்க்கோழிப் பேடு ஒன்று நின்றது. அம்மா அதை விட்டு வர மாட்டேன் என்றார். அதுவும் வந்தது.

தீன் 25 கிலோ மூட்டை எடுத்தோம். பாதியை இறுக்கமான வாளியில் போட்டு மூடிவிட்டேன். எங்கள் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னார்.

மட்டக்குளி_மாமா | ஜனவரி 19

கறுப்பி ஆறு மாதத்துக்கு முதல் முட்டை போடாது. அவசரப்படவேண்டாம். போட்டாலும் பன்னிரண்டு பதினைந்து போட்டுவிட்டு அடைக்கு இருக்கும். அந்த நாலும்தான் உங்களுக்கு வீட்டுச் செலவு கொடுக்கும்.

மல்லிகைமுற்றம் | மார்ச் 30

முதல் முட்டை! காலை பத்தரைக்கு அம்மா போன் எடுத்தார், நான் மீட்டிங்கில். கபிலம் ஒன்று கேரிக் கேரி முழு ஒழுங்கைக்கும் சொல்லிவிட்டதாம். சின்ன முட்டை, ஓட்டில் ஒரு சொட்டு இரத்தம். இரண்டு நாளாக, கிட்டப் போனாலே செட்டையை விரித்துப் பதுங்கிக்கொண்டு இருந்தது, அதைப் பார்த்தே அம்மா சொல்லியிருந்தார்.

2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குகிற நிலைமை வந்ததே, அந்த நாட்களில் கடையில் ஒரு முட்டையை எத்தனை தரம் விலை கேட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

பழைய_பண்ணையாள் | மார்ச் 30

முதல் முட்டையில் இரத்தம் சாதாரணம், பயப்படாதீர்கள். இனி லேயர் தீனுக்கு மாற்றுங்கள், ஒரே நாளில் இல்லை, ஒரு கிழமை கலந்து. கறுப்பிக்கும் அது பரவாயில்லை, வளர்ந்துவிட்டது. ஆளுக்கு ஆள் பிந்தும் முந்தும், நாலும் ஒன்றாகத் தொடங்காது.

மல்லிகைமுற்றம் | ஜூன் 8

நாலு கபிலமும் சேர்ந்து நாளுக்கு மூன்று, சில நாளில் நாலு முட்டை. மேல் மாடி அன்ரிக்குக் கிழமைக்கு ஆறு கொடுக்கிறோம், அதனால் ஒரு முறைப்பாடும் இல்லை.

இப்போது பிரச்சினை கறுப்பி. பதினான்கு முட்டை போட்டது, ஒன்பது நாளாகக் கூட்டை விட்டு இறங்குவதில்லை. கை வைத்தால் உடம்பைப் பலாப்பழம் போல ஊதிக்கொண்டு கொத்துகிறது. நான் கூட்டில் இருந்து இறக்கி விடுகிறேன், ஐந்து நிமிடத்தில் திரும்பப் போய் வெறும் வைக்கோலில் இருக்கிறது. அம்மாவுக்கு முகம் முழுக்கச் சந்தோஷம். ஜனவரியில் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எங்களிடம் சேவல் இல்லை. இந்த முட்டைகள் பொரிக்காது.

மட்டக்குளி_மாமா | ஜூன் 8

என் வீட்டுச் சேவல் எதற்கு இருக்கிறது? கருக்கட்டிய முட்டை தருகிறேன். ஞாயிறு வாருங்கள். இரவில், இருட்டின பிறகு வையுங்கள், குழப்பாது. 21 நாள்.

ஓய்வுபெற்ற_மிருகவைத்தியர் | ஜூன் 8

பொரிக்கும்போது ஜூலை முதல் கிழமை ஆகிவிடும், மழையும் இருக்கும். மரத்தூள் ஈரமானால் இரத்தக் கழிச்சல் (கொக்சிடியோசிஸ், ராணிக்கெட் வேறு) வரும், மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சுக்குத்தான் அது கூடுதல். கூட்டுக்குக் கீழே பலகை அடித்து நிலத்தில் இருந்து உயர்த்துங்கள். ஊசி விடயம் முதல் சொன்னதுதான், அருகில் உள்ள அரச கால்நடை வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அவர் வேறு யாருக்காவது குப்பி உடைக்கிற நாளில் உங்களுடையதையும் கொண்டு போகலாம்.

ஹெந்தளை_அண்ணர் | ஜூன் 8

மேலே வலை அடித்தாயிற்றா?

மல்லிகைமுற்றம் | ஜூன் 9

அடித்தாயிற்று அண்ணா, முருங்கையையும் சேர்த்து. இனி முருங்கைக்காய் பறிக்க வலைக்குள் குனிந்து போகவேண்டும்.

மாமா, ஞாயிறு பின்னேரம் வருகிறோம். எட்டு என்று எழுதப் போனேன், அம்மா ஒற்றைப்படையாகத்தான் வைக்கவேண்டும் என்கிறார். ஒன்பது தாருங்கள்.